வாசலில் ஒரு பழமரம்: மலையகத்தில் பறவைகளுக்காக நாட்டுச் செடி நடத் தொடங்குவோருக்கு

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தேயிலை மலை பச்சைப்பசேல் என்று இருக்கும். அதற்கு மேலே பறக்கும் குருவிக்கு அங்கே தின்ன அநேகமாக ஒன்றும் இல்லை. கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்துப் பறித்து இடுப்பளவில் நிறுத்திய செடி பூத்துக் காய்ப்பது அபூர்வம். நிழலுக்கு நிற்கும் சவுக்கு, அதாவது கிரவில்லியா, ஆஸ்திரேலிய மரம். பூவில் தேன் உண்டு, சதைப்பழம் இல்லை. யூகலிப்டஸும் அங்கிருந்து வந்ததுதான்.

கோப்பிக்காகவும், பிறகு 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைக்காகவும் வெட்டிய காடு போக, எஞ்சியது இரண்டு இடங்களில்தான். ஒன்று மலைமுடி. 5,000 அடிக்கு மேலே காடு வெட்டுவதை 1873இல் ஆங்கிலேய அரசு தடுத்தது. அதனால் பல மலைகளின் தலையில் இன்னும் காடு இருக்கிறது. மற்றது ஓடைக்கரை. மலைக்கும் மலைக்கும் இடையில், தேயிலை வைக்க முடியாத பள்ளங்களில், வெட்டாமல் விட்ட குறுகிய புதர்க்காடு.

தோட்டத்து வரிசை வீடுகளான நம்முடைய லயங்களும் மற்ற வீடுகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. முடிக்கும் ஓடைக்கும் இடையே போய்வரும் பறவை ஏற்கெனவே நம் கூரைமேல்தான் பறக்கிறது. அது இறங்கி ஐந்து நிமிடம் தின்றுவிட்டுப் போக வாசலில் இடம் வேண்டும். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், 7 பேர்ச் நிலத்தில், எட்டு ஆண்டுகளாக அந்த இடத்தை உண்டாக்கி வருகிறேன். கற்றுக்கொண்டதை முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு மாதம் பாருங்கள்

கன்று வாங்க அவசரப்படாதீர்கள். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்களுக்கு மிக அருகில் உள்ள ஓடைக்கரைக்குப் போங்கள். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு, ஓர் இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். மூன்றே விஷயங்களை எழுதினால் போதும்: எந்தப் பறவை, எந்தச் செடியில், என்ன தின்றது. பறவையின் பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள். செடியின் பெயர் தெரியாவிட்டால் ஓர் இலையைக் கொப்பியின் நடுவில் வைத்து அழுத்துங்கள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்தால் உங்கள் மலைக்கென்றே ஒரு பட்டியல் கிடைத்துவிடும். எந்தப் புத்தகப் பட்டியலையும்விட அதைத்தான் நான் நம்புகிறேன். ஏனென்றால் அது உங்கள் உயரத்துக்கும், உங்கள் மழைக்கும், உங்கள் மண்ணுக்கும் பொருந்திய செடிகளின் பட்டியல்.

இலைகளுக்குப் பெயர் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் எனக்கு உதவின. ஒன்று, ஊரிலுள்ள வயதானவர்கள். விறகு பொறுக்கியவர்களுக்கும் மருந்துக்கு இலை பறித்தவர்களுக்கும் காட்டுச் செடி தெரியும். மலையகத்தில் பல காட்டுச் செடிகளுக்கு நாம் சிங்களப் பெயரையே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதையே எழுதிக்கொள்ளுங்கள், நாற்று கேட்கும்போது அதுதான் பயன்படும். மற்றது, நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கல தாவரவியல் பூங்கா. 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய அந்த இடத்தில் பெயர்ப்பலகையோடு மரங்களைப் பார்க்கலாம். அழுத்திய இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உயரமும் மழையும்

மலையகம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். ஆனால் பதுளை ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீட்டரைத் தாண்டியவை. நுவரெலியா 1,868 மீட்டர். பதுளையில் செழிக்கும் கறிவேப்பிலை நுவரெலியாக் குளிரில் குன்றிப்போகும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் பள்ளத்தில் இளங்கன்று ஒரே இரவில் கருகிவிடும்.

மழையும் இரண்டாகப் பிரிகிறது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை நம்புகிறது. ஊவாப் பக்கத்தில், அதாவது பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடையில், ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பெய்வதுதான் பெரிய மழை. அங்கே ஜூலை, ஓகஸ்டில் வறண்ட காற்று வீசும். கன்று நடும் மாதத்தை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். மேற்குச் சரிவில் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கம். ஊவாவில் ஒக்டோபர் நடுப்பகுதி. அடைமழை தொடங்கிய பின் நட்டால் மண் சேறாகி வேர் மூச்சுவிடாது. முதல் இரண்டு மூன்று மழைக்குப் பிறகு, மண் ஈரமாகி இன்னும் உதிரும் நிலையில் நடுவதே சரி.

யாருக்கு என்ன நடுவது

எல்லாப் பறவையும் பழம் தின்பதில்லை. தேன், பழம், புல்விதை, பூச்சி என்று நான்கு பந்தி போடுவதாக நினைத்துக்கொண்டு செடிகளைத் தெரிவு செய்யுங்கள்.

தேனுக்கு முதலில் சொல்ல வேண்டியது முள்முருங்கை. சிங்களத்தில் எரபது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும்போது தேன்சிட்டு, மைனா, கரிச்சான் என்று மரம் முழுவதும் சத்தமாக இருக்கும். பதுளை, பசறை, மாத்தளை, கம்பளை போன்ற இடங்களுக்கு ஏற்றது; மிகக் குளிர்ந்த இடங்களுக்கு வேண்டாம். தோட்டங்களில் நிழலுக்கு வைத்த டடாப் இதன் உறவுக்காரன்தான் என்றாலும் வெளியிலிருந்து கொண்டுவந்த மரம். அதே உயரத்துக்கு வெட்சியும் நல்லது. பூவுக்குத் தேன்சிட்டு வரும், சிவந்த பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். கடையில் விற்கும் கலப்பின வெட்சி பளபளப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் காய்க்காது. பழம் பிடித்திருக்கும் தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து எடுங்கள்.

நுவரெலியா, கந்தப்பளை, ராகலை போன்ற உயரமான இடங்களில் இருப்பவர்களுக்கு மகா ரத்மல் இருக்கிறது. ரத்தச் சிவப்புக் கொத்துகளோடு ஹோர்ட்டன் சமவெளியில் நிற்கும் மரம். நேபாளத்தின் தேசிய மலரும் இதே இனம்தான். இமயமலையில் ஒன்று, நம் மலைமுடியில் ஒன்று, நடுவிலுள்ள சமவெளி முழுவதிலும் இல்லை. விதை தூள்போல இருக்கும், வளர்ச்சி மெதுவானது, பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும். பொறுமை உள்ளவர்கள் ஒன்று நடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து கன்றோ கிளையோ எடுத்து வந்துவிடாதீர்கள். 1988 முதல் அது தேசியப் பூங்கா. அங்கிருந்து ஓர் இலையை எடுப்பதும் குற்றம்.

பழத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது போவிட்டியா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஈரலுக்கு நல்லது என்று இலையைக் கஷாயம் வைக்கும் சிறிய போவிட்டியா ஒன்று. அதன் காய் உலர்ந்துபோகும், பறவைக்குப் பெரிதாகப் பயன் இல்லை. பெரிய போவிட்டியாவின் காய் வெடித்து உள்ளே கருநீலச் சதை தெரியும்; சிறுவயதில் தின்று நாக்கைக் கருப்பாக்கிக்கொண்டவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கொண்டைக்குருவிகளுக்கு வேண்டியது இதுதான். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து காடுகளுக்குள் நுழைந்துவிட்ட ஆக்கிரமிப்புச் செடி. இலையிலும் தண்டிலும் சொரசொரப்பாக ரோமம் இருக்கும், பூ சிறியதாக வெள்ளையாக இருக்கும். நம்முடைய இரண்டுக்கும் பூ பெரியது, ஊதா நிறம். ஒரு நாற்றுமேடையில் நாட்டுப் போவிட்டியா என்று சொல்லிக் கொடுத்த ஆறு கன்றுகளை நான் காசு கொடுத்து வாங்கி வந்தேன். பூத்த பிறகுதான் வெள்ளை என்று தெரிந்தது. அத்தனையையும் வேரோடு பிடுங்க நேர்ந்தது. அன்றிலிருந்து பூ பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

நாவல் எல்லோருக்கும் தெரிந்தது. தாழ்ந்த, நடுத்தர உயரங்களுக்கு ஏற்றது. நாவல் குடும்பத்தில் மலைக்காட்டுக்கென்றே வேறு பல இனங்கள் இருக்கின்றன. உங்கள் ஓடைக்கரையில் அப்படி ஒன்று நின்றால் அதற்கே முதலிடம் கொடுங்கள். கறுவா பட்டைக்காக வெட்டப்படுவதால் பலர் அதன் பழத்தைப் பார்த்ததே இல்லை. வெட்டாமல் ஒன்றை விட்டால் சிறிய கருநிறப் பழங்களுக்குப் பறவைகள் வரும். கறிவேப்பிலையும் அப்படியே: ஒரு கிளையை ஒடிக்காமல் விடுங்கள், அது பூத்துக் கறுத்த பழம் பிடிக்கும், குயில் தேடி வரும். குளிரான இடங்களுக்குத் தவிட்டுக்கொய்யா நல்லது. இளஞ்சிவப்புப் பூவும் இனிப்பான பழமும் உள்ள புதர், பிள்ளைகளும் பறவையும் பங்குபோட்டுத் தின்னலாம். இடம் இருந்தால் காட்டுச் சண்பகம். அதன் காய் பிளந்து சிவப்பாக விதை தொங்கும்போது பறவைகள் காத்திருந்து எடுக்கும்.

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றுக்கு இணையான பறவை மரம் வேறு இல்லை. குக்குறுவான் முதல் பச்சைப்புறா வரை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் 7 பேர்ச் நிலத்தில் வைக்கவே கூடாது. வேர் சுவரைப் பிளக்கும், தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும். கோயில் வளவிலோ விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலோ, கட்டடத்திலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி, ஊரோடு சேர்ந்து நடுங்கள்.

மரத்தில் புல்லுருவி பிடித்திருந்தால் உடனே வெட்டி எறிந்துவிடாதீர்கள். இலங்கையின் மிகச் சிறிய பறவையான பூக்கொத்திக்கு அதன் பழம்தான் உயிர். பழத்தைத் தின்று, பசைபோல் ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கும். இளமரத்தை அது நசுக்கினால் குறைக்கலாம். பெரிய மரத்தில் இரண்டு மூன்று கொத்து இருந்துவிட்டுப் போகட்டும்.

புல்விதை தின்னும் தினைக்குருவிக்குச் செடி நட வேண்டியதே இல்லை. வேலியோரத்தில் நான்கு அடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் கதிர்விட விடுங்கள்.

பூச்சிதான் நான்காவது பந்தி, எல்லோரும் மறப்பதும் அதுதான். தேன் குடிக்கும் தேன்சிட்டும் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் ஊட்டுகிறது. மரக்கறிப் பாத்திக்கு அடிக்கும் மருந்து பக்கத்துச் செடியில் படிந்தால் நீங்கள் போட்ட பந்தியில் நீங்களே நஞ்சு வைத்ததாகிவிடும். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக் குருவி வந்து ஏப்ரல் வரை இருக்கும். அது தரையில் நடந்து, காய்ந்த இலைகளைப் புரட்டிப் புழு தின்னும் பறவை. வாசலைத் தினமும் கூட்டுவது நம் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. புதர்களுக்கு அடியில் மட்டும் சருகு கிடக்கட்டும்.

எதை நடக்கூடாது

உண்ணிச்செடியின் பழத்தைக் கொண்டைக்குருவி விரும்பித் தின்னும், அது உண்மை. அதனால்தான் மலை முழுவதும் பரவியது. நுவரெலியாப் பக்கம் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கும் கோர்ஸ் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. இவற்றைப் புதிதாக நட வேண்டாம். ஏற்கெனவே வளவில் இருந்தால், ஒரேயடியாக அழிக்காமல், நாட்டுச் செடி இடுப்பளவு வளரும்வரை காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே என் வழக்கம். கூடு கட்டிய புதரை ஒரே நாளில் வெட்டி எறிவது பறவைக்குச் செய்யும் உதவியாகாது.

ஜாம் பழமரம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம் அது. பறவைகள் மொய்க்கும். இருப்பதை வெட்டாதீர்கள், புதிதாக வைக்காதீர்கள்.

நிலம், அனுமதி, சரிவு

லயத்தைச் சுற்றியுள்ள நிலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பது. பெரிய மரம் நடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம் வளர்த்த பின் வெட்டச் சொல்வார்கள். 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீட்டர். வீடும் மரக்கறிப் பாத்தியும் போக மிஞ்சும் இடத்தில் ஒரு சிறுமரம், நான்கைந்து புதர்கள், ஒரு வேலி, அவ்வளவுதான் பிடிக்கும். அதுவே போதும்.

வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டி நிறுத்திய மேட்டின் விளிம்பில் மரம் வைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் ஓடும் கானை அடைக்கும்படி குழி வெட்டுவதும் வேண்டாம். சரிவில் மண்ணைப் பிடிக்கப் புதர்கள் மட்டும், அதுவும் சிறு குழியில்.

விதையும் தவறணையும்

சதைப்பழ விதையைச் சதையோடு போட்டால் அழுகும். கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி விதையுங்கள். நாவல் விதை காயவிட்டால் செத்துவிடும், எடுத்த வாரத்துக்குள் போட வேண்டும். முள்முருங்கைக்கு விதையே தேவையில்லை. ஐந்தடி நீளப் போத்து ஒன்றை வெட்டி, இரண்டு நாள் நிழலில் சாய்த்து வைத்து, ஓர் அடி ஆழத்தில் ஊன்றினால் வேலியாகவும் மரமாகவும் ஆகிவிடும்.

மற்றவற்றைத் தோட்டத்துத் தவறணையில், அதாவது நாற்றுமேடையில், தேயிலைக் கன்று வளர்ப்பதுபோலவே பொலித்தீன் பையில் வளர்க்கலாம். அந்த வேலை தெரிந்த கைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. என் அம்மாயி தவறணையில் வேலை செய்தவர். பையின் அடியில் துளை போதாமல் என் முதல் கன்றுகள் அழுகியபோது, ஒரு பையைத் தூக்கிப் பார்த்து, "தண்ணி போக வழி இல்லாத இடத்தில் வேர் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஓடைக்கரை மண் இரண்டு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு என்று அவர் சொன்ன கலவையையே இன்றும் பயன்படுத்துகிறேன்.

விதைக்கு ஒரு மரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்காமல் நான்கைந்து மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். முக்கால்வாசியைப் பறவைக்கே விடுங்கள்.

நடும் நாள்

மரத்துக்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். புதருக்கு ஓர் அடி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து, நடும்போது மேல்மண்ணை முதலில் போடுங்கள். தேயிலை மண் புளிப்பானது. போவிட்டியாவுக்கும் தவிட்டுக்கொய்யாவுக்கும் மகா ரத்மலுக்கும் அந்தப் புளிப்பே வேண்டும், ஆகவே மரக்கறிப் பாத்திக்குப் போடுவதுபோல் டொலமைட் சேர்க்காதீர்கள். இரசாயன உரமும் தேவையில்லை. ஒரு கூடை மக்கிய எரு போதும்.

பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள். சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும், ஆனால் பையோடு புதைத்த கன்றுகளை மரநடுகை நாள்களில் பலமுறை தோண்டி எடுத்திருக்கிறேன். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் வெளியிலும் இருக்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் ஒரு சிறிய வரப்பு. மழைத்தண்ணீர் அங்கே நின்று இறங்கும். சுற்றிலும் மாணாப்புல்லை வெட்டிப் பரப்புங்கள், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. காற்றடிக்கும் பக்கம் ஒரு கம்பு.

நெருக்கம் பற்றி ஒரு சொல். புதர்களை மூன்றடி இடைவெளியில், வரிசையாக இல்லாமல் குவியலாக நடுங்கள். வெள்ளைக்கண்ணிக் குருவிக் கூட்டம் வெட்டவெளியில் ஒற்றைச் செடிக்கு இறங்கத் தயங்கும். பருந்து வந்தால் உள்ளே புகுந்துகொள்ள இடம் இருந்தால்தான் துணிந்து வரும்.

முதல் மூன்று ஆண்டுகள்

முதல் இரண்டு வறட்சிக் காலத்தில் வாரம் இருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பிழைத்துவிடும். பீலியிலிருந்து சுமப்பது கஷ்டம்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரில் சவர்க்காரம் குறைவாக இருந்தால் அதையே ஊற்றலாம். பறவை குடிக்க மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் கொட்டிக் கழுவுங்கள். நுளம்பு பெருகினால் டெங்கு வீட்டுக்குள் வரும்.

கூரைத் தாழ்வாரத்திலுள்ள சிலந்திவலையைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். தேன்சிட்டு அந்த நூலால்தான் தன் தொங்கும் கூட்டைக் கட்டுகிறது. பட்ட கிளை ஒன்று ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் வெட்டாதீர்கள். குக்குறுவான் அதில்தான் பொந்து குடையும். பிள்ளைகளின் கெட்டபோலை, அதாவது கவணை, வாங்கி வைத்துவிட்டு, அந்தப் பார்வைக் கொப்பியை அவர்கள் கையில் கொடுங்கள். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் என்னைவிட இரண்டு மடங்கு பறவைகளை எழுதி வைத்திருக்கிறான்.

முதல் ஆண்டில் பெரும்பாலும் தையல்சிட்டும் பட்டாணிக்குருவியும் பூச்சிக்காக வரும். எனக்கு இரண்டாம் ஆண்டு கடைசியில் போவிட்டியா காய்த்தது, கொண்டைக்குருவி வந்தது. நான் காத்திருந்தது இன்னொன்றுக்கு: கன்னத்தில் மஞ்சள் குஞ்சமும் தலையில் கறுப்பு வெள்ளைக் கோடும் உள்ள மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி. உலகில் இலங்கையில் மட்டும், அதுவும் மலைநாட்டில் மட்டுமே வாழும் பறவை. மலைமுடிக் காட்டில் அதன் குரலைக் கேட்டிருந்தேன், வாசலில் பார்த்ததில்லை. மூன்றாம் ஆண்டு, நவம்பர் மாதம், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்கும் நேரத்தில் இரண்டு வந்து போவிட்டியாவில் உட்கார்ந்தன. கையில் தேநீர் ஆறிப்போகும்வரை அசையாமல் நின்றேன்.

அதன் பிறகு ஒரு வேலை கூடியது. பழம் தின்ற பறவை துணிக்கொடியிலும் வேலிக்கம்பியிலும் உட்கார்ந்து எச்சமிடும், அதற்கு நேர் கீழே கன்றுகள் முளைக்கும். மாதம் ஒருமுறை அந்த வரிசையில் குனிந்து பாருங்கள். நான் விதைக்காத ஒரு மலைநாவல் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. ஓடைக்கரையிலிருந்து வந்திருக்க வேண்டும். போன மாதம் மூன்று போவிட்டியா முளைத்திருந்தன. ஒன்றின் இலையில் சொரசொரப்பான ரோமம் இருந்தது, அதைப் பிடுங்கினேன். மற்ற இரண்டையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், மே மழைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நடுவதற்கு.